பிலிப்பி முதல் பெரோயா வரை: அம்மாவோடு ஆறு நாள்

ஊர் திரும்பி ஒரு வாரம் ஆகிறது, கால்வலி இன்னும் போகவில்லை. நான் ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன். அம்மா பாளையங்கோட்டையிலிருந்து மூன்று மாதத்துக்கு என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்கு அப்புறம் அம்மா எங்கள் சபைக் கோயிலுக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டார்கள். கோயிலின் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குச் சுத்தமாகப் போவதில்லை. சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் கணக்கு விஷயத்தில் அங்கே ஒரு அத்தையோடு ஏதோ மனத்தாங்கல். எங்கே கூட்டிப் போகட்டும் என்று கேட்டபோது பாரீஸும் வேண்டாம், சுவிட்சர்லாந்தும் வேண்டாம், "பவுல் போன ஊரு ஏதாவது பக்கத்துல இருந்தா பாத்துட்டு வருவோம்" என்றார்கள். வேதாகமத்தில் வரும் அப்போஸ்தலர் பவுல் சுவிசேஷம் சொல்லிப் போன வடக்கு கிரீஸ் அப்படித்தான் முடிவானது. தினமும் ராத்திரி எழுதி வைத்ததைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்திப் போடுகிறேன்.

நவம்பர் 5, புதன்: கவாலா

பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தூறல். கவாலாவில் மலை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. நடுவில் பழைய நீர்க்கால்வாயின் கல் வளைவுகள், மேலே கோட்டை. இதுதான் புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் நடபடிகள் புத்தகத்தில் வரும் நெயாப்போலி. இன்றைய துருக்கிக் கரையில் இருந்த துரோவாவில் கப்பலேறிய பவுலும் அவர் கூட்டாளிகள் சீலாவும் தீமோத்தேயுவும் சாமோத்திராக்கே தீவு வழியாக இரண்டே நாளில் இந்தத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். ஏறக்குறைய கி.பி. 49 அல்லது 50. புனித நிக்கோலாஸ் கோயிலுக்குப் பக்கத்தில் அதை ஒரு பெரிய மொசைக் சுவராகச் செய்து வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பவுல் கனவில் கண்ட மக்கெதோனியா (இந்த வடக்கு கிரீஸ் பகுதிதான்) மனுஷன் கையை நீட்டிக் கூப்பிடுகிறான், இன்னொரு பக்கம் பவுல் கப்பலிலிருந்து இறங்குகிறார். அம்மா குடையைப் பிடித்தபடி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார்கள்.

துறைமுகத்தை ஒட்டிய ஒரு கடையில் சாப்பிட்டோம். சுட்ட மத்தி மீன் ஒரு தட்டு, தக்காளி வெள்ளரிக்காய் சாலட், ரொட்டி, கடலை போட்ட ஒரு சூப். மொத்தம் 21 யூரோ. அம்மா உடனே நூறால் பெருக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்கள். மீனை வாயில் வைத்ததும் "ஏட்டி, இது நம்ம சாளைதான்" என்று முகம் மாறியது. மிளகாய் இல்லை, எலுமிச்சையும் உப்பும் மட்டும்தான், ஆனாலும் தலையோடு தின்று முடித்தார்கள்.

தங்கிய வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, எழுபதைத் தாண்டியவர். நனைந்து போய் நின்ற எங்களைப் பார்த்ததும் சாவியைக் கொடுக்கும் முன்பே உட்கார வைத்து, மூலிகைத் தேநீரும் சர்க்கரைப் பொடியில் புரட்டிய பாதாம் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். குரபியே என்று பேர். பக்கத்தில் இருக்கும் நெயா கர்வாலி என்ற ஊரில் செய்வதுதான் பேர்போனது. 1920களில் துருக்கியின் கப்பதோக்கியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் கொண்டுவந்த பலகாரமாம். அம்மா ஒன்று போதும் என்று கையைக் காட்ட, அவர் விடவில்லை. "பரகலோ, பரகலோ" என்று தட்டைத் தள்ளிக்கொண்டே இருந்தார்.

பரகலோ என்றால் என்ன என்று அம்மா கேட்டார்கள். இங்கே நிமிஷத்துக்கு ஒரு தரம் காதில் விழும் சொல் அது. தயவுசெய்து என்பதற்கும் அதுதான், நன்றி சொன்னால் பரவாயில்லை என்பதற்கும் அதுதான், வாங்க, எடுத்துக்கோங்க, என்ன வேண்டும் எல்லாவற்றுக்கும் அதுதான். நான் இதைச் சொன்னதும் ஆசிரியைக்கு உற்சாகம் வந்துவிட்டது. உள்ளே போய்த் தன்னுடைய கிரேக்க வேதாகமத்தை எடுத்துவந்து நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து விரலால் ஒவ்வொரு இடமாகக் காட்டினார். கனவில் வந்த மனுஷன் வந்து உதவி செய்யும் என்று பவுலை வேண்டிக்கொள்கிறானே, அந்த வினை பரகலோ. பிலிப்பியில் சாயத்துணி விற்ற லீதியாள் என் வீட்டில் வந்து தங்குங்கள் என்று வருந்திக் கேட்கிறாளே, அதுவும் பரகலோ. கடைசியில் பவுலும் சீலாவும் சகோதரரைக் கண்டு ஆறுதல் சொல்கிறார்களே, அதுவும் அதே பரகலோ. நடுவில் அதிகாரிகள் வந்து தயவாகப் பேசும் இடத்திலும் அதுதான். ஒரே அதிகாரத்தில் நாலு தரம்!

என் போனில் தமிழ் வேதாகமத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நம்மவர்கள் வேண்டிக்கொண்டான், வருந்திக் கேட்டுக்கொண்டாள், ஆறுதல் சொல்லி என்று இடத்துக்கு ஏற்றபடி பிரித்து எழுதியிருக்கிறார்கள். பவுல் சபைகளுக்கு எழுதிய கடிதங்களான நிருபங்களில் தேற்றுங்கள் என்றும் புத்தி சொல்லுகிறேன் என்றும் வரும். சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் கெஞ்சுவதும் உபசரிப்பதும் தேற்றுவதும் அந்த வேதாகமக் கிரேக்கத்தில் ஒரே சொல் என்பது எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. ராத்திரி தூக்கம் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 6, வியாழன்: பிலிப்பி

இன்றைக்கு எல்லாம் தாமதம். பிலிப்பி கவாலாவிலிருந்து 15, 16 கிலோமீட்டர்தான். திராமா போகும் பஸ்ஸில் ஏறினோம், ஆளுக்கு இரண்டரை யூரோவுக்குள். மழைக்கு ஜன்னல் எல்லாம் பனி பிடித்து வெளியே ஒன்றும் தெரியவில்லை, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஊர் போய்விட்டோம். இறங்கிச் சாலையோரம் நின்றால் எதிர்ப்பக்கம் பஸ்ஸே இல்லை. ஒரு விவசாயி தன்னுடைய பிக்கப் வண்டியை நிறுத்தி, முன் இருக்கையில் கிடந்த சாக்கை எடுத்துப் பின்னால் எறிந்துவிட்டு, அம்மாவை அதில் உட்கார வைத்தார். நான் நடுவில் ஒடுங்கிக்கொண்டேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குக் கிரேக்கம் தெரியாது. "பாவ்லோஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையை ஆட்டினோம். வாசலில் இறக்கிவிட்டுப் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

உள்ளே போகும்போது மணி ஒன்றே முக்கால். குளிர்கால நேரப்படி மூன்றரைக்கு அடைத்துவிடுவார்கள் என்று அங்கே போன பிறகுதான் தெரிந்தது. யாராவது இந்த மாதத்தில் போவதாக இருந்தால் காலையிலேயே போய்விடுங்கள்.

பிலிப்பி பெரிய சமவெளியின் ஓரத்தில் கிடக்கிறது. மகா அலெக்சாந்தரின் அப்பா இரண்டாம் பிலிப் கி.மு. 356இல் தன் பேரை வைத்த ஊர். கி.மு. 42இல் சீசரைக் கொன்ற புரூட்டஸையும் காசியஸையும் அந்தோணியும் ஒக்டேவியனும் தோற்கடித்தது இந்தச் சமவெளியில்தான். அதற்கு அப்புறம் ஓய்வுபெற்ற ரோமப் படைவீரர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். கிரேக்க நாட்டுக்குள் ஒரு குட்டி ரோமாபுரி. கல்வெட்டுகளில் பாதிக்கு மேல் லத்தீன். அந்தஸ்து, பதவி, யார் எந்தப் படையில் இருந்தார் என்பதெல்லாம் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு சாயத்துணி வியாபாரப் பெண்மணியின் வீட்டில் ஒரு சிறைக் காவலனும் அவன் வீட்டாரும் வந்து உட்கார்ந்து ஒருவரையொருவர் சகோதரரே என்று கூப்பிட்டார்கள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தச் சந்தைச் சதுக்கத்தில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

சதுக்கத்துக்கு மேல் பக்கத்தில் பவுலின் சிறை என்று ஒரு சிறிய கல் அறையைக் காட்டுகிறார்கள். உண்மையில் அது ரோமர் காலத்துத் தண்ணீர்த் தொட்டி, பின்னாளில் வழிபாட்டு இடமாக மாறியிருக்கிறது. அது தெரிந்தும் அம்மா அதன் முன்னால் கண்ணை மூடி நின்றார்கள், நானும் நின்றேன். இடம் அதுவாக இல்லாமல் இருக்கலாம், ஆனால் பவுலும் சீலாவும் அடி வாங்கியது இந்தச் சதுக்கத்தில்தான். துணியைக் கிழித்துத் தடிகளால் அடித்து உள்ளே தள்ளித் தொழுமரத்தில் காலை மாட்டினார்கள். நடு ராத்திரியில் அவர்கள் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, தற்கொலைக்குத் துணிந்த காவலனை உனக்கு ஒன்றும் செய்துகொள்ளாதே என்று சத்தம் போட்டுத் தடுத்தார்கள். காவலன் அந்த ராத்திரியிலேயே அவர்களுடைய காயங்களைக் கழுவிச் சோறு போட்டான்.

சின்ன வயதிலிருந்து ஞாயிறு பள்ளியில் கேட்ட கதை. பூமியதிர்ச்சியோடு கதை முடிந்துவிடும் எங்களுக்கு. கடைசி வசனத்தை யாரும் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. விடுதலையானதும் அவர்கள் நேராக லீதியாள் வீட்டுக்குப் போகிறார்கள். போய் சகோதரருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். முதுகு கிழிந்தவர்கள் அவர்கள். ஆறுதல் சொல்ல வேண்டியது வீட்டில் இருந்தவர்கள்தானே? அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்பா ஆஸ்பத்திரில கெடக்கும்போது பாக்க வந்தவங்கள்லாம் அப்பாகிட்ட சிரிச்சுப் பேசிட்டுத்தான போனாவ" என்றார்கள் கொஞ்ச நேரம் கழித்து. உண்மைதான். வந்தவர்கள் எல்லாம் அழுத முகத்தோடு வருவார்கள், அப்பாதான் அவர்களைத் தேற்றி அனுப்புவார்.

இரண்டாவது பெரிய தேவாலயத்தின் தூண்களைப் பார்த்துவிட்டு எண்கோணக் கோயிலுக்கு ஓடினோம். அதற்கு அடியில் இன்னும் பழைய சிறிய ஜெபக்கூடம் ஒன்று இருந்திருக்கிறது, 4ஆம் நூற்றாண்டு. அதன் மொசைக் தரையில் போர்பிரியோஸ் என்ற பேராயர் பவுலின் பேரால் அமைந்த கோயிலுக்கு இந்தத் தரையைச் செய்து கொடுத்ததாக எழுத்து இருக்கிறது. பவுல் வந்து முந்நூறு வருஷம் ஆகியும் அவர் பேரை இந்த ஊர் விடவில்லை.

திரும்பி வரும்போது ரோமச் சாலையின் கல்லில் கால் இடறி அம்மாவின் செருப்பு வார் அறுந்துவிட்டது. காலில் லேசான சிராய்ப்பு. ஈரக் கல்லில் வெறுங்காலோடு வாசல் வரைக்கும் வந்தார்கள். வெளியே பஸ் நிறுத்தத்தில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம், பஸ் வரவில்லை. எதிரே பெட்டிக்கடை அடைத்துக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டு ஒரு பெரிய ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து அம்மாவின் காலடியில் வைத்தார். எவ்வளவு என்று கேட்டேன். "பரகலோ" என்று என் கையைத் தள்ளிவிட்டார். கவாலா போகும் தன் மருமகனின் காரில் எங்களை ஏற்றிவிட்டது வேறு.

ராத்திரி கடற்கரையோரம் நடக்கும்போது ஆசிரியை இன்னொரு கதை சொன்னார். பவுலுக்கு அறுபது எழுபது வருஷம் கழித்து அந்தியோகியாவின் பேராயர் இக்னாசியுஸ் பத்துப் படைவீரர் காவலில், மிருகங்களுக்கு இரையாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்பட்டார். சிறுத்தைகள் என்று அந்தக் காவலர்களை அவரே எழுதியிருக்கிறார். அவரும் துரோவாவில் கப்பலேறி இதே நெயாப்போலியில்தான் இறங்கினார். பிலிப்பி சபையார் அவரை வரவேற்று வழியனுப்பி வைத்திருக்கிறார்கள். அப்புறம் சிமிர்னாவின் பேராயர் பொலிகார்ப்புக்குக் கடிதம் எழுதி, இக்னாசியுஸின் கடிதங்கள் உங்களிடம் இருந்தால் எங்களுக்கும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். பொலிகார்ப் அனுப்பினார். சங்கிலி போட்ட கைதியை வீட்டுக்குள் விடுவது அந்தக் காலத்தில் எவ்வளவு ஆபத்து! லீதியாளைப் பார்த்திருக்கக்கூடிய யாராவது அப்போது உயிரோடு இருந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். ஆனால் பழக்கம் மட்டும் அந்த ஊரில் அப்படியே நின்றிருக்கிறது.

நவம்பர் 7, வெள்ளி: லீதியாளின் ஆற்றங்கரை

மழை விட்டு நல்ல வெயில், 16 டிகிரி. காலையிலேயே கடைத்தெருவில் அம்மாவுக்கு ஒரு ஜோடி மூடின செருப்பு வாங்கினேன், 25 யூரோ. ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசு வரவில்லை, கழுவித் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

இடிபாடுகளுக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் லீதியா என்றே ஒரு கிராமம். அதன் பக்கத்தில் சிறிய ஓடை, கரையில் எண்கோண வடிவில் ஒரு ஞானஸ்நானக் கோயில். ஓடைக்கு நடுவே சிலுவை வடிவத்தில் கல் கட்டி, உட்காரப் படிகள் அமைத்திருக்கிறார்கள். மரங்களின் இலை மஞ்சளாகித் தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. எங்களைத் தவிர ஆளே இல்லை. அம்மா புதுச் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்துவிட்டு "தாமிரவருணி மாரியே சில்லுனு இருக்கு" என்றார்கள்.

ஊருக்கு வெளியே ஆற்றோரம் ஜெபத்துக்குக் கூடியவர்கள் பெண்கள். அவர்களில் தியத்தீரா ஊரிலிருந்து வந்து இரத்தாம்பரம் என்ற விலையுயர்ந்த சாயத்துணி விற்ற லீதியாள். அவள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கும். என்னை விசுவாசி என்று நீங்கள் எண்ணினால் வந்து தங்குங்கள் என்றாள். மறுக்க முடியாதபடி கேட்கிறாள். நம் ஊரில் சாப்பிடாமல் போனால் என்னை மதிக்கவில்லை என்று அர்த்தம் என்பார்களே, அதே கேள்விதான் இது. பிலிப்பி சபை அந்த வீட்டில் தொடங்கிய சபை. பிற்பாடு பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது இரண்டொரு தரம் பணம் அனுப்பியது இவர்கள். கொடுப்பதிலும் வாங்குவதிலும் தன்னோடு பங்குகொண்ட சபை நீங்கள் மட்டும்தான் என்று அவரே எழுதினார். அங்கே வரும் பங்குகொண்ட என்ற சொல்லும் நாம் ஐக்கியம் என்கிற கொய்னோனியாவும் ஒரே வேரில் பிறந்தவை. எருசலேமில் இருந்த ஏழைகளுக்காகப் பணம் திரட்டியபோது, கொடிய தரித்திரத்தில் இருந்த இந்த மக்கெதோனியா சபைகள் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பவுலிடம் கெஞ்சினார்களாம். கொரிந்தியருக்கு எழுதிய அந்த ஒரே வாக்கியத்தில் பரகலோவிலிருந்து பிறந்த சொல்லும் இருக்கிறது, கொய்னோனியாவும் இருக்கிறது. கொடுக்கக் கெஞ்சியவர்களை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை.

எப்பாப்பிரோதீத்துவையும் நினைத்துக்கொண்டேன். சிறையில் இருந்த பவுலுக்கு இந்த ஊர்க்காரர்கள் அனுப்பிய உதவியைக் கொண்டுபோன ஆள். அந்தக் காலத்துச் சிறையில் வெளியிலிருந்து யாராவது பார்த்தால்தான் கைதிக்குச் சாப்பாடு. போன இடத்தில் அவர் சாகும் தறுவாய்க்குப் போய்விட்டார். தன் வியாதியைவிட, தான் வியாதிப்பட்டதை ஊரில் கேள்விப்பட்டிருப்பார்களே என்றுதான் அவர் வருத்தப்பட்டாராம். வெளிநாட்டில் காய்ச்சல் வந்தால் வீட்டில் சொல்லாமல் மறைக்கிற எல்லாருக்கும் அது புரியும்.

படியில் உட்கார்ந்து பிலிப்பியர் நிருபத்தை முழுதாக வாசித்தோம், அரை மணி நேரம்கூட ஆகாது. நாலாம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்கள் வருகிறார்கள். சுவிசேஷ வேலையில் பவுலோடு பாடுபட்டவர்கள், ஆனால் இருவருக்கும் ஏதோ ஒத்துவரவில்லை. என்ன சண்டை என்று எழுதவில்லை. இங்கே பவுல் செய்திருப்பதைப் பாருங்கள். கிரேக்கத்தில் எயோதியாளுக்கு ஒரு பரகலோ, சிந்திகேயாளுக்குத் தனியாக இன்னொரு பரகலோ. இருவருக்கும் சேர்த்து ஒன்று எழுதியிருக்கலாம், எழுதவில்லை. யார் பக்கம் நியாயம் என்றும் சொல்லவில்லை. கூட இருக்கிற ஒரு கூட்டாளியைப் பார்த்து இவர்களுக்கு உதவி செய் என்கிறார். பொலிகார்ப்பும் அதே மாதிரிதான். பணத்தாசையில் விழுந்த வாலென்ஸ் என்ற மூப்பரைப் பற்றி இதே சபைக்கு எழுதும்போது, அவரையும் மனைவியையும் பகைவராக எண்ணாதீர்கள், சுகமில்லாத உறுப்பைப்போல் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

நான் வாசித்து நிறுத்தியபோது அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அந்த வசனத்த இன்னொருக்கா வாசி" என்றார்கள். வாசித்தேன். அப்புறம் கிளம்புகிற வரைக்கும் பேசவில்லை.

நவம்பர் 8, சனி: தெசலோனிக்கே போகும் வழி

கிளம்பும்போது ஆசிரியை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு டப்பா நிறைய குரபியே கொடுத்தார். ஏற்கெனவே அம்மா இரண்டு டப்பா வாங்கியிருந்தார்கள், ஒன்று 6 யூரோ. ஒரு பை முழுக்க இப்போது பிஸ்கட்தான்.

பஸ்ஸில் ஒரு பெரியவர் எழுந்து, முன்னாலிருந்து பின்வரைக்கும் ஒவ்வொருவர் முன்னாலும் சாக்லேட் பெட்டியை நீட்டிக்கொண்டு வந்தார். எல்லாரும் எடுத்துக்கொண்டு எதையோ சொல்லி வாழ்த்தினார்கள். அன்றைக்கு மிகாவேல், காபிரியேல் தூதர்களின் திருநாளாம், அந்தப் பேர் வைத்தவர்களுக்குப் பெயர்நாள். இங்கே நாள் கொண்டாடுகிறவர்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பார். எங்களிடம் வந்ததும் அம்மா இரண்டு எடுத்தார்கள், பெரியவருக்குச் சந்தோஷம்.

நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம். வழியில் வோல்வி ஏரி வெள்ளியாகப் பரந்து கிடந்தது. எக்னாத்தியா என்ற ரோமச் சாலையின் பேரையே இந்த நெடுஞ்சாலைக்கும் வைத்திருக்கிறார்கள். பழைய சாலை அட்ரியாட்டிக் கடற்கரையிலிருந்து பைசாந்தியம் வரைக்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போனது. பவுலும் சீலாவும் அம்பிபோலி, அப்பொலோனியா வழியாக இந்தத் தூரத்தைக் கடந்தார்கள், ஏறக்குறைய 150 கிலோமீட்டர், ஆறாத முதுகோடு. அதை நினைத்தபோது குஷன் இருக்கையில் சாய்ந்திருப்பது என்னவோபோல் இருந்தது.

தெசலோனிக்கே பெரிய நகரம், இரைச்சல், போக்குவரத்து. தெருவோர வண்டியில் எள் ஒட்டிய வளைய ரொட்டி, குலூரி என்று பேர், ஒன்று 80 சென்ட். 2024 நவம்பரில்தான் இங்கே மெட்ரோ திறந்தார்கள், டிக்கெட் 60 சென்ட். வெனிசெலோஸ் நிலையத்துக்குள் இறங்கினால், தோண்டும்போது கிடைத்த பழைய பளிங்குச் சாலையை அங்கேயே வைத்துக் காட்டுகிறார்கள். ரோமர் போட்ட தடத்தின் மேல் பின்னாளில் பாவிய தெரு. ஆட்கள் பையோடு வேகவேகமாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள், பக்கத்தில் அந்தத் தெரு கடைகளோடு அப்படியே கிடக்கிறது. இந்த ஊரில்தான் யாசோன் என்பவர் பவுலைத் தன் வீட்டில் வைத்திருந்ததற்காக வீடு புகுந்து இழுத்துச் செல்லப்பட்டார். பவுல் கிடைக்கவில்லை, யாசோன் ஜாமீன் கட்ட வேண்டி வந்தது. அன்று ராத்திரியே சகோதரர்கள் பவுலையும் சீலாவையும் ஊரை விட்டு அனுப்பிவிட்டார்கள். யாசோன் ஊரிலேயே இருந்தார், அவருக்கு எங்கே போக முடியும்.

நவம்பர் 9, ஞாயிறு: தெசலோனிக்கே

பெரிய கோயில்களுக்குப் போகவில்லை. தங்கிய இடத்துக்குப் பின்னால் இருந்த தெருக் கோயிலுக்கு அம்மா சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள், மேலே என்னுடைய குளிர்கோட்டு. பைசாந்திய முறை ஆராதனை, ஒரு வார்த்தை புரியவில்லை, ஒன்றரை மணி நேரம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு அம்மாவைக் கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். நற்கருணை அவர்கள் சபையாருக்கு மட்டும்தான், நாங்கள் போகவில்லை. முடிவில் ஆசீர்வதித்த ரொட்டித் துண்டுகளைக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டி தன் துண்டைப் பிட்டு அம்மாவின் கையில் வைத்தார்.

அப்புறம் யாரும் கலையவில்லை. முன்னால் ஒரு மேசையில் சர்க்கரை தூவிய ஒரு தட்டு, நடுவில் மெழுகுவர்த்தி. யாரோ இறந்து நாற்பது நாள். குடும்பம் கறுப்பு உடையில் நின்றது, பாதிரியார் தூபம் காட்டி ஜெபித்தார். முடிந்ததும் வாசலில் அந்தக் குடும்பத்துப் பெண் போகிற எல்லாருக்கும் ஒரு சிறு காகிதப் பை கொடுத்தாள். நாங்கள் யாரென்று அவளுக்குத் தெரியாது. எங்களுக்கும் கொடுத்தாள். கொலிவா என்பார்கள், அவித்த கோதுமையில் மாதுளை முத்து, பாதாம், திராட்சை, சர்க்கரை. கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்ற வசனத்துக்காகக் கோதுமை. அம்மா என்னைப் பார்த்தார்கள், நான் காதில் சொன்னேன். அம்மா அவளுடைய கன்னத்தைத் தொட்டு, தமிழிலேயே, "கர்த்தர் பாத்துக்குவார்மா" என்றார்கள். அவள் குனிந்து அம்மாவின் தோளில் நெற்றியை வைத்தாள், கொஞ்ச நேரம். பின்னால் வரிசை நின்றது, யாரும் அவசரப்படுத்தவில்லை.

மேல் ஊரில் விளாத்தாதோன் மடத்துக்கு ஏறிப் போனோம். 14ஆம் நூற்றாண்டு மடம், பவுல் பிரசங்கித்த இடம் என்று மரபாகச் சொல்கிறார்கள். முற்றத்தில் மயில்கள் திரிகின்றன. கீழே நகரம் முழுவதும், கடல். அங்கே சுவரோரம் உட்கார்ந்து கொலிவாவைப் பிரித்துத் தின்றுகொண்டே தெசலோனிக்கேயருக்கு எழுதின முதலாம் நிருபத்தை எடுத்தேன். கி.பி. 50 வாக்கில் கொரிந்துவிலிருந்து எழுதியது, புதிய ஏற்பாட்டில் முதலில் எழுதப்பட்டதே இதுதான் என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். சில வாரங்களே கூட இருந்து, ராத்திரியோடு ராத்திரியாக விட்டுப் போன ஒரு சபை. என்ன ஆனதோ என்று பவுலால் தாங்க முடியவில்லை. அத்தேனேயில் தான் தனியாக இருந்துகொண்டு தீமோத்தேயுவை இவர்களிடம் அனுப்பினார், திடப்படுத்தித் தேற்றிவிட்டு வா என்று. தீமோத்தேயு நல்ல செய்தியோடு திரும்பி வந்ததும், நீங்கள் நிலைத்திருந்தால் நாங்கள் பிழைத்திருப்போம் என்று எழுதுகிறார். அந்த வரியில் அவருடைய மூச்சே கேட்கிறது.

அதற்குள் அந்தச் சபையில் யாரோ இறந்திருக்கிறார்கள். செத்துப்போன எங்கள் ஆட்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் நாலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதி. ஊரில் எங்கள் அப்பாவின் அடக்க ஆராதனையில் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வாசித்தது அதைத்தான். இங்கே கிரேக்க அடக்க ஆராதனையிலும் அதுதான் வாசிப்பாம். இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடியும். பரகலோதான் அதுவும். நீங்கள் எனக்குச் செய்யுங்கள், நான் உங்களுக்குச் செய்கிறேன் என்கிற மாதிரி பன்மையில். பவுல் வந்து தேற்றுவார் என்று காத்திருக்கச் சொல்லவில்லை.

"அன்னைக்கு ஐயர் வாசிச்சது ஒரு வார்த்த எங் காதுல விழல" என்றார்கள் அம்மா. நான் முழுதாக வாசித்தேன். ஒரு மயில் காகிதப் பைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அம்மா இரண்டு கோதுமை மணியை அதற்குப் போட்டார்கள்.

நவம்பர் 10, திங்கள்: பெரோயா

இப்போது வேரியா. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே. மலையடிவாரத்தில் அமைதியான ஊர், நல்ல குளிர். பவுல் நின்று பேசியதாகச் சொல்லும் இடத்தில் பளிங்கும் மொசைக்குமாக ஒரு மேடை கட்டியிருக்கிறார்கள், பழைய கல் படிகள் சில நடுவில் இருக்கின்றன. யூதர்கள் வாழ்ந்த பார்பூத்தா தெருவில் ஆற்றுச் சத்தத்தைக் கேட்டபடி நடந்தோம். ரெவானி என்ற ரவைக் கேக்குக்கு இந்த ஊர் பேர்போனது. பாகில் ஊறிய துண்டு ஒன்று 2 யூரோ. கேசரியும் கேக்கும் கலந்த மாதிரி. அம்மாவுக்கு இந்தப் பயணத்திலேயே பிடித்த இனிப்பு.

பெரோயாக்காரர்கள் வேதவாக்கியங்களைத் தினமும் ஆராய்ந்து பார்த்தவர்கள் என்று பேர் வாங்கியவர்கள், பிரசங்கத்தில் எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. தெசலோனிக்கேயிலிருந்து கலகக்காரர்கள் இங்கேயும் வந்ததும், சகோதரர்கள் பவுலைக் கடல் வரைக்கும் கூட்டிப் போனார்கள். வழியனுப்பப் போனவர்கள் கடற்கரையோடு திரும்பவில்லை, அத்தேனே வரைக்கும் கூடவே போய் விட்டுவிட்டுத்தான் திரும்பினார்கள். பஸ் கிளம்புகிற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழே நிற்கிற ஆட்கள் நம் ஊரில் உண்டே, அவர்களுக்கு இது நன்றாகப் புரியும். சில வருஷம் கழித்துப் பவுலோடு பயணம் போனவர்களில் இந்த ஊர் சோபத்தர் பேரும் இருக்கிறது.

பஸ் நிலையத்துக்கு வழி கேட்ட இடத்தில் ஒரு பெரியவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடவே வந்தார். அங்கே இடது, அப்புறம் வலது என்று சொல்லியிருந்தால் போதும். பத்து நிமிஷம் மெதுவாக நடந்து வந்து, எங்கள் பஸ் எது என்று ஓட்டுநரிடம் கேட்டு, நாங்கள் உட்கார்ந்த பிறகுதான் போனார். நன்றி என்பதற்கு "எஃப்ஹரிஸ்தோ" என்று சொல்லி அம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார்கள், ஆறு நாளில் கற்ற ஒரே சொல். "பரகலோ!" என்று கத்தினார் அவர்.

பஸ் கிளம்பி இருட்டிய பிறகு அம்மா பையைத் திறந்து டப்பாக்களை எண்ணினார்கள். ஒன்று தம்பிக்கு, ஒன்று பக்கத்து வீட்டுக்கு, ஆசிரியை கொடுத்தது தனியாக மடியில். அது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் போனை வாங்கி, அந்தச் சங்கத்து அத்தையின் நம்பரைத் தேடிப் போடச் சொன்னார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

"அங்க இப்ப மணி என்ன?"

"பத்தரை ஆயிருக்கும்மா. தூங்கியிருப்பாங்க."

"சரி, காலைல கூப்பிடுதேன். அங்க கோயில் மணி அடிக்கதுக்குள்ள எந்திச்சிருவா" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டு, டப்பாவின் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று ஒரு தரம் அழுத்திப் பார்த்தார்கள்.